வீட்டு நீச்சல் குளம்: நீர் எங்கே போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போர் நீர்ச் சிக்கனம் குறித்து எழுதிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவை இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. பதில்களில் வரும் கணக்குகள் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தை வைத்துப் போடப்பட்டவை. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 45,000 லிட்டர். உங்கள் குளம் இதைவிடப் பெரியதாகவோ சிறியதாகவோ இருந்தால் அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் எங்கள் குளத்தில் மூன்று நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் நீர் இறங்குகிறது. பராமரிக்க வருபவர் வெயிலால் ஆவியாகிறது என்கிறார். கட்டித் தந்தவரோ குழாயில் கசிவு இருக்கும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரையும் நம்ப வேண்டியதில்லை, ஒரு வாளி போதும். மூன்று நாளில் ஓர் அங்குலம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் வருகிறது. காற்று வறண்டு வேகமாக வீசும் கடும் வெயில் நாட்களில் இந்த அளவு வெறும் ஆவியாதலாகவே இருக்கக்கூடும். அதே வேளையில் இதில் பாதி கசிவாக இருந்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பி, மிதந்து நகராதபடி உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் மேல் படியில் முக்கால் பங்கு நீரில் அமிழ்ந்திருக்குமாறு வையுங்கள். வாளிக்குள் இருக்கும் நீர்மட்டமும் வெளியே குளத்தின் நீர்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்து, வாளியின் உட்புறம் ஒரு கோடும் வெளிப்புறம் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள். தானாக நீர் நிரப்பும் மிதவை வால்வு இருந்தால் அதை மூடிவிடுங்கள். யாரும் குளத்தில் இறங்காமலும் மழை பெய்யாமலும் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து, பம்ப்பை வழக்கம்போல் ஓடவிட்டு, 24 மணி நேரம் கழித்து இரு மட்டங்களையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். வாளியை நீருக்குள் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அதிலுள்ள நீரும் குளத்து நீரும் ஒரே வெப்பநிலையில், ஒரே காற்றுக்கும் வெயிலுக்கும் ஆட்பட்டிருக்க வேண்டும் என்பதுதான். தரையில் வைத்த வாளி சூடேறித் தவறான கணக்கைக் காட்டும்.

இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பராமரிப்பவர் சொன்னது சரி. குளம் வாளியைவிட 5 அல்லது 6 மில்லிமீட்டர் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு உறுதி. அப்படியானால் மறுநாள் பம்ப்பை நிறுத்தி வைத்து இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பம்ப் ஓடும்போது மட்டும் இழப்பு அதிகமென்றால், பம்ப்பிலிருந்து குளத்துக்குத் திரும்பும் அழுத்தக் குழாயில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். இரு நாளும் இழப்பு ஒன்றாகவே இருந்தால் சுவர், தரை, விளக்குக் குழி, ஸ்கிம்மர் (நீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் சுவர்வாய்) பொருத்திய இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீர் இறங்கிக்கொண்டே வந்து ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நின்றுவிடுகிறதென்றால் ஓட்டை பெரும்பாலும் அந்த மட்டத்திலேயே இருக்கும்; அங்கே பம்ப்பை நிறுத்தி, நீர் அசைவற்றபின் சிறிது சாயத்தை மெதுவாக விட்டால் அது விரிசலுக்குள் இழுக்கப்படுவது தெரியும்.

பலரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. மணல் வடிகட்டியின் தலையில் உள்ள பலவழி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் தேய்ந்துவிட்டால், வடிகட்டும் நிலையிலும் கழிவுக் குழாய் வழியாக நீர் ஓசையின்றி வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாய் நேராகச் சாக்கடைக்குள் இறங்கினால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. தரையைத் தோண்டிக் குழாய்களைத் தேட ஆளை அழைக்கும் முன் இந்தக் கழிவுக் குழாயின் வாயைப் பாருங்கள்.

கேள்வி: குளத்தை மூடும் விரிப்பு வாங்கச் சொல்கிறார்கள். விரித்துச் சுருட்டும் சிரமத்துக்கு ஏற்ற பயன் உண்டா? நீரின் மேல் ஊற்றும் திரவ மூடி என்று ஒன்று விற்கிறதே, அது போதாதா?

பதில்: வீட்டுக் குளத்தில் நீரை மிச்சப்படுத்தச் செய்யக்கூடிய காரியங்களில் விரிப்பை முதலில் வைப்பேன், மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் இறங்கினால் 1 லிட்டர் போகிறது. நமது மாதிரிக் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர், முப்பது நாளில் 4,800 லிட்டர். இப்படியே போனால் பத்து மாதத்திற்குள் ஒரு முழுக் குளத்து நீர் காற்றோடு போயிருக்கும். நீர்ப்பரப்பை முழுவதுமாக மூடும் விரிப்பு, மூடியிருக்கும் நேரத்தில் இந்த இழப்பில் பத்தில் ஒன்பது பங்கையும் தடுத்துவிடும். நாளில் பாதி நேரம் மட்டுமே மூடினாலும் நிரப்ப வேண்டிய நீர் கணிசமாகக் குறையும்.

இரவில் வெயில் இல்லையே, மூடுவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். ஆவியாதலுக்கு வெயில் மட்டும் காரணமல்ல. நீர் காற்றைவிடச் சூடாக இருப்பதும், காற்று உலர்ந்திருப்பதும், அது நீரின் மேல் வீசி ஈரத்தை அள்ளிச் செல்வதுமே காரணங்கள். பகலெல்லாம் சூடேறிய குளம் இரவில் குளிர்ந்த காற்றுக்கு நீரை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே குளிக்காத நேரம் எதுவோ அதெல்லாம் மூடும் நேரம்தான். நீரைச் சூடாக்கும் வசதி வைத்திருப்போருக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 500 லிட்டருக்கும் மேற்பட்ட நீரை 1 டிகிரி செல்சியஸ் குளிரவைக்கப் போதுமானது. விரிப்பு குளோரின் செலவையும் குறைக்கும். குளோரினைச் சிதைப்பது பெரும்பாலும் சூரியனின் புற ஊதாக் கதிர்கள்தான்.

காற்றுக் குமிழிகள் பதித்த விரிப்பானால் குமிழிகள் நீரைத் தொடும்படி விரிக்க வேண்டும். சுருட்டும் உருளையும் சேர்த்தே வாங்குங்கள். உருளை இல்லாத விரிப்பு நாளடைவில் மூலையில் மடித்துப் போடப்படும் என்பது பொதுவான அனுபவம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குமிழி விரிப்பு பாதுகாப்பு மூடி ஆகாது. அதன் மேல் காலை வைக்கும் குழந்தை விரிப்போடு நீருக்குள் சுற்றிக்கொண்டு போகும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது. குளிக்கும்போது பாதி சுருட்டி, பாதி விட்டுவைப்பதும் கூடாது. முழுவதும் எடுத்த பிறகே யாரும் இறங்க வேண்டும். வேலியும் பூட்டும் இருந்தாக வேண்டிய இடத்தில் விரிப்பு இருக்கிறதே என்று அவற்றை விட்டுவிடாதீர்கள்.

திரவ மூடி என்பது நீரின் மேல் மிக மெல்லிய படலமாகப் பரவும் ஒருவகை ஆல்கஹால் சேர்மம். ஒழுங்கற்ற வடிவத்தால் விரிப்புப் போட முடியாத குளங்களுக்கு, ஒன்றுமில்லாததற்கு இது மேல். காற்று வேகமாக வீசினால் படலம் கலைந்துவிடும், அடிக்கடி ஊற்றவும் வேண்டும், விரிப்புக்கு ஈடாகாது.

கேள்வி: வாரந்தோறும் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் செலுத்தி வடிகட்டியின் மணலைக் கழுவுதல்) செய்தே ஆக வேண்டும் என்று பராமரிப்பவர் வற்புறுத்துகிறார். ஒவ்வொரு முறையும் நிறைய நீர் வீணாவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

பதில்: பேக்வாஷுக்கு நாள்காட்டி தேவையில்லை, வடிகட்டியின் மேல் இருக்கும் அழுத்தமானியே சொல்லும். மணல் சுத்தமாக இருக்கும்போது முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அதைவிட 0.5 முதல் 0.7 பார் வரை, பழைய அளவுகளில் சொன்னால் 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை, ஏறிய பிறகு கழுவினால் போதும். அதற்கு முன்பே கழுவுவது நீரை மட்டுமல்லாமல் வடிகட்டும் திறனையும் வீணாக்குகிறது. மணல்மணிகளுக்கு இடையே சிறிது அழுக்கு படிந்திருக்கும்போதுதான் நுண்ணிய துகள்கள் பிடிபடுகின்றன, அப்போதுதான் கழுவிய மணலில் அவை நழுவிப் போய்விடும்.

நிமிடத்துக்கு 200 லிட்டர் தள்ளும் பம்ப்பில் மூன்று நிமிடம் கழுவி, அரை நிமிடம் அலசினால் 700 லிட்டர் வெளியே போகும். இதையே வாரந்தோறும் செய்தால் ஆண்டுக்கு 36,000 லிட்டருக்கு மேல். அழுத்தத்தைப் பார்த்துக் கழுவும் வீடுகளில் இது பாதிக்கும் கீழே வருவது இயல்பு. கழுவும்போதும் கடிகாரத்தைப் பார்க்காமல், வால்வின் பக்கவாட்டில் உள்ள கண்ணாடிக் குமிழைப் பாருங்கள். உள்ளே ஓடும் நீர் தெளிந்தவுடன் நிறுத்திவிடலாம்.

பராமரிப்பவர் மீது குறை சொல்வதாக எண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை வருபவர், தாம் வராத நாட்களில் யாரும் அழுத்தமானியைப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் முன்னெச்சரிக்கையாகக் கழுவிவிட்டுப் போகிறார். நீங்கள் பார்த்துச் சொன்னால் அவரும் விட்டுவிடுவார். இலைகளும் முடியும் வடிகட்டி வரை போகாதபடி ஸ்கிம்மர் கூடையை அடிக்கடி காலி செய்வதும், தனக்கென வடிபை கொண்ட தானியங்கித் துப்புரவுக் கருவியைப் பயன்படுத்துவதும் பேக்வாஷின் தேவையை இன்னும் தள்ளிப்போடும்.

கேள்வி: குழந்தைகள் குதித்து விளையாடும்போது வெளியே சிதறும் நீரை என்ன செய்வது?

பதில்: விளையாட விடுங்கள். நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதியில், குளத்தின் விளிம்புக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் சிதறல் பெரிய இழப்பாகாது.

கேள்வி: இந்த ஆண்டு இரண்டு முறை குளம் பச்சையாகி, இரண்டு முறையும் முழுவதும் இறைத்துவிட்டுப் புது நீர் நிரப்பினோம். சோதனைப் பெட்டியில் குளோரின் போதுமான அளவு காட்டிக்கொண்டிருக்கும்போதே பாசி பிடித்ததுதான் புரியவில்லை. மாத்திரை வடிவக் குளோரினைத் தவறாமல் போட்டு வருகிறோம்.

பதில்: இறுதி வாக்கியத்தில் காரணம் இருக்கிறது. மெதுவாகக் கரையும் குளோரின் மாத்திரைகள் பெரும்பாலும் டிரைகுளோர் என்னும் சேர்மத்தால் ஆனவை. அவை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடுகின்றன. இந்த அமிலம் ஓரளவு தேவையானதுதான். அது இல்லாத திறந்தவெளிக் குளத்தில் வெயில் சில மணி நேரத்திலேயே குளோரினின் பெரும்பகுதியை அழித்துவிடும். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவாகித் தீர்ந்துகொண்டே இருக்க, சயனூரிக் அமிலம் தீராமல் சேர்ந்துகொண்டே போகும், நீர் ஆவியானாலும் அது பின்தங்கிவிடும். அளவு மிகும்போது அது குளோரினை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சோதனைப் பெட்டி குளோரின் இருப்பதாகக் காட்டினாலும் பாசியைக் கொல்ல அது விடுபட்டு வருவதில்லை.

டிரைகுளோர் வழியாக லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் சேர்த்தால் கூடவே ஏறத்தாழ 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலமும் சேர்கிறது. நாளுக்கு 2 மில்லிகிராம் குளோரின் செலவாகும் குளத்தில் ஒரு மாதத்தில் 36 மில்லிகிராம் ஏறும். மூன்றே மாதத்தில் நூறைத் தாண்டிவிடும். இதை வேறு மருந்து போட்டு எளிதில் அகற்ற முடியாது, நீரை மாற்றித்தான் குறைக்க வேண்டும். நூறிலிருந்து ஐம்பதுக்குக் கொண்டுவரப் பாதிக் குளத்தை, அதாவது 22,500 லிட்டரை வெளியேற்ற வேண்டும். ஏறத்தாழ ஐந்து மாதம் ஆவியாகும் நீரை ஒரே நாளில் சாக்கடையில் விடுவதற்கு இது சமம். ஒரு குளத்தின் நீர்ச்செலவைத் தீர்மானிப்பது அதன் குழாயும் வால்வும் மட்டுமல்ல, எந்த வகைக் குளோரினை வாங்குகிறோம் என்பதும்தான் என்று நான் அடிக்கடி எழுதுவது இதனால்தான்.

ஆகவே இனி சயனூரிக் அமிலத்தையும் அளக்கும் சோதனைப் பெட்டியை வாங்குங்கள். அது 30 முதல் 50 வரை வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றாடத் தேவைக்குத் திரவக் குளோரினுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுங்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளிலும் சயனூரிக் அமிலம் இல்லை. ஆனால் அது நீரின் கடினத்தன்மையை ஏற்றும் என்பதால், ஏற்கெனவே கடினமான நீரைப் பயன்படுத்துவோர் தவிர்ப்பது நல்லது. மாறும்போது ஓர் எச்சரிக்கை: மாத்திரை இருந்த பாத்திரத்திலோ மிதவையிலோ வேறு வகைக் குளோரினைப் போடாதீர்கள், வெடிக்கும் ஆபத்து உண்டு. எந்தக் குளோரினையும் அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வெளிப்படும்.

பச்சையான நீரை இறைத்தே ஆக வேண்டும் என்பதும் உண்மையல்ல. சயனூரிக் அமிலம் அளவோடு இருக்குமானால், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7.2 அருகே கொண்டுவந்து, சுவரையும் தரையையும் தேய்த்துவிட்டு, திரவக் குளோரினைக் கூட்டி அந்த அளவு இறங்காமல் நாள்தோறும் பார்த்துக்கொண்டு, பம்ப்பை இடைவிடாமல் ஓடவிட்டால் நீர் பச்சையிலிருந்து கலங்கலுக்கும் கலங்கலிலிருந்து தெளிவுக்கும் வரும். ஒரு வாரம் வரை ஆகலாம், இடையில் சில பேக்வாஷும் தேவைப்படும். அப்படியும் செலவாவது இரண்டு மூன்றாயிரம் லிட்டர்தான், 45,000 அல்ல.

கேள்வி: பேக்வாஷ் நீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

பதில்: நேராக விடக் கூடாது. திறந்த தொட்டியில் தேக்கி, வெயில் படும்படி சில நாட்கள் வைத்து, குளோரின் அறவே இல்லை என்று சோதித்த பிறகு மரங்களுக்கும் புல்தரைக்கும் விடலாம். கீரை, காய்கறிப் பாத்திகளுக்கு வேண்டாம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி பொருத்திய குளமானால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், மண்ணில் உப்பு ஏறிச் செடிகள் கருகும். மீன் வளரும் குட்டைக்கோ மழைநீர் வாய்க்காலுக்கோ எந்த நிலையிலும் விட வேண்டாம். அடியில் படிந்த கசடை ஒதுக்கிவிட்டுத் தெளிந்த நீரைத் தளம் கழுவப் பயன்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: கூரையில் விழும் மழைநீரைக் குளத்தில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. முதலில் பெய்யும் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வருமாதலால் அதை ஒதுக்கிவிட்டு, பிறகு வருவதை வடிகட்டிச் சேர்க்க வேண்டும். மழைநீரில் காரத்தன்மையும் கடினத்தன்மையும் மிகக் குறைவு. நிறையச் சேர்த்த பின் இவ்விரண்டையும் பிஎச் அளவையும் சோதித்துச் சரிசெய்யாவிட்டால் சுவர்ப்பூச்சு அரிக்கப்படும். கிணற்று நீரால் கடினத்தன்மை ஏறிப்போன குளங்களுக்கு மழைநீர் மருந்து போன்றது, பாதி நீரை மாற்றும் வேலையை அதுவே செய்துவிடும்.

கேள்வி: புதிதாகக் குளம் கட்ட இருக்கிறோம். நீர் குறைவாகச் செலவாக எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலாவது, பரப்பு. ஆவியாதல் ஆழத்தைப் பொறுத்ததன்று, மேற்பரப்பைப் பொறுத்தது. வீட்டில் எத்தனை பேர் நீந்துவார்கள் என்பதை வைத்து அளவைத் தீர்மானியுங்கள், மனையில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதை வைத்தல்ல. வடிவம் செவ்வகமாக இருந்தால் விரிப்பு எளிதில் பொருந்தும். விளிம்பு வழியாக நீர் வழிந்தோடும் குளமும் செயற்கை அருவியும் நீரை மெல்லிய படலமாக்கிக் காற்றுக்குக் காட்டுவதால் இழப்பைக் கூட்டுபவை. அருவி இல்லாமல் முடியாது என்றால் விருந்தினர் வரும்போது மட்டும் ஓடும்படி தனி விசை வைத்துக்கொள்ளுங்கள். காற்று வழக்கமாக வீசும் பக்கத்தில் ஒரு சுவரோ அடர்ந்த வேலியோ இருப்பது நல்லது, இலை உதிர்க்கும் மரம் அல்ல.

வடிகட்டியைப் பொறுத்தவரை, சிறிய வீட்டுக் குளத்துக்கு மணலைவிடக் கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாட்டக்கூடிய மடிப்புத் துணி உருளை) வகையே நீர்ச் சிக்கனத்துக்கு ஏற்றது. அதில் பேக்வாஷ் என்பதே இல்லை, கழற்றிக் கழுவும்போது செலவாகும் நீர் சொற்பம். தானாக நிரப்பும் வால்வு வைப்பதானால் அந்தக் குழாயில் ஒரு நீர்மானியையும் சேர்த்தே பொருத்தச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத மிதவை வால்வு கசிவை மறைக்கும் கருவிதான். குளம் எப்போதும் நிரம்பியே தெரியும், நீர் போய்க்கொண்டே இருக்கும். கழிவுக் குழாயின் வாய் கண்ணில் படும் இடத்தில் முடியட்டும்.

கேள்வி: இரண்டு மாதம் வெளியூர் போகிறோம். நீரை இறைத்துவிட்டுப் போவது நல்லதா?

பதில்: வேண்டாம். காலியான குளத்தை நிலத்தடி நீர் கீழிருந்து அழுத்தும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது கண்ணாடியிழைக் குளங்கள் தரையை விட்டு மேலெழும்புவதும் கான்கிரீட் குளங்கள் விரிசல் விடுவதும் நடக்கக்கூடியவை. ஓடுகளுக்கு இடையேயான பூச்சும் வெயிலில் காய்ந்து உதிரும். திரும்பி வந்து 45,000 லிட்டர் நிரப்புவது அதற்கு மேல் செலவு.

கிளம்புவதற்கு முன் நீர்மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் மேல்பகுதி வரை உயர்த்தி, நீரைச் சோதித்துச் சமன்செய்து, விரிப்பைப் போட்டு, தானாக நிரப்பும் வால்வை மூடிவிடுங்கள். பம்ப் நாளுக்குச் சில மணி நேரம் ஓடும்படி நேரக் கருவியை அமைத்துக்கொள்ளலாம். மூடிய குளத்தில் குளோரின் மெதுவாகத்தான் குறையும் என்பதால், வாரம் ஒருமுறை நம்பிக்கையான ஒருவர் வந்து அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் சேர்த்தால் போதும். அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போங்கள். நீர் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே பம்ப்பை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது காற்றை இழுத்துப் பழுதாகிவிடும். விரிப்பின் மேல் தேங்கும் மழைநீரையும் அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். குளோரின் கலந்த குளத்து நீரில் கொசு முட்டையிடாவிட்டாலும் அந்தத் தேக்கத்தில் தவறாமல் இடும்.